ஸ்டூல் மேல் சேலைப் பெட்டி

எதிர் வீட்டு அக்காவுக்குச் செவ்வாய்க்கிழமைதான் வார விடுப்பு. ஞாயிறு கடையில் கூட்டம் அள்ளும், லீவு கேட்கவே முடியாது. போன மாதம் ஒரு செவ்வாய்க் காலையில் போனை என்னிடம் நீட்டி, "எழுத்து பொடிசா இருக்கு, கொஞ்சம் படிச்சுச் சொல்லு தம்பி" என்றார். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய பட்டியல். மகிழ்ச்சியாக வாழப் பத்துப் பழக்கங்கள்.

நிறையத் தண்ணீர் குடியுங்கள். மதிய உணவை மென்று நிதானமாகச் சாப்பிடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை உடலுக்கு ஓய்வு கொடுங்கள். காலை வெயிலில் நடங்கள். பத்து மணிக்குத் தூங்கப் போங்கள். நண்பர்களோடு மனம்விட்டுப் பேசுங்கள். நான் படிக்கப் படிக்க அக்கா சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணும். பாத்ரூம் மூணாவது மாடியில. ரெண்டு தடவைக்கு மேல போனா சூப்பர்வைசர் நோட்டுல பேர் ஏத்துவாரு. சாப்பாட்டுக்கு இருவது நிமிஷம், அதுல வரிசையில நிக்கிறது பத்து நிமிஷம். பக்கத்து கவுன்ட்டர் புள்ளைகிட்ட பேசினா கேமராவுல பாத்துட்டுக் கூப்பிட்டு விடுவாங்க. இதுல எந்தப் பழக்கம் எனக்குத் தோதுப்படும், நீயே சொல்லு."

பஜாரில் ஒரு பெரிய ஜவுளிக்கடை, சேலைப் பிரிவு. பதினான்கு வருடமாக அங்கே நிற்கிறார். "வேலை பார்க்கிறேன்" என்று அவர் சொல்லிக் கேட்டதில்லை. "பதினாலு வருசமா நிக்கிறேன்" என்பார்.

சின்னச் சின்னப் பழக்கங்கள் மனதையும் உடலையும் நன்றாக வைத்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பட்டியலை எழுதியவர் ஒரு விஷயத்தை யோசிக்கவில்லை. தண்ணீர் குடிப்பதும் உட்காருவதும் தூங்குவதும் நம்மில் பலருக்கு அடுத்தவர் கையில் இருக்கிற காரியங்கள். அவற்றில் சிலவற்றைச் சட்டம் நம் கைக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறது. அது தெரியாததால்தான் பலர் தங்களுக்கு மன உறுதி போதவில்லை என்று தங்களையே நொந்துகொள்கிறார்கள்.

முதலில் உட்காருவது. பத்து மணி நேரம் நின்றால் பாதம் வீங்கும், இடுப்பு பிடித்துக்கொள்ளும். வருடக்கணக்கில் நின்றால் கெண்டைக்காலில் நரம்பு நீலமாகச் சுருண்டு எழும்பும், வெரிகோஸ் வெயின் என்கிறார்களே அது. கழிப்பறைக்குப் போக முடியாது என்பதற்காகத் தண்ணீரைக் குறைத்தால் நீர்க்கடுப்பு, சிறுநீர்ப் பாதையில் தொற்று. அக்காவுக்கு இரண்டும் இருக்கிறது. மாத்திரை வாங்கிக்கொள்கிறாரே தவிர, அவற்றை வியாதி என்று சொல்வதில்லை. கடை வேலை என்றால் அதெல்லாம் இருக்கும் என்பார்.

தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை பார்ப்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 44-ஆம் பிரிவே சொன்னது. கடைகளுக்கு அப்படி ஒன்று நெடுங்காலம் இல்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் துணிக்கடைப் பெண்களைத் திரட்டிய பி. விஜி ஒரு தையல் தொழிலாளி. அவருடைய 'பெண்கூட்டு' அமைப்பு முதலில் கேட்டது கழிப்பறை, பிறகுதான் நாற்காலி. அந்தப் போராட்டத்தின் பலனாக 2018-இல் கேரளம் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் தி. நகர் ரங்கநாதன் தெருவின் கடைப் பணியாளர்களைப் பற்றி வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' 2010-இலேயே வந்து, ஊரே பார்த்துக் கண்கலங்கியது. சட்டம் வர மேலும் 11 ஆண்டுகள் ஆயின. 2021 செப்டம்பர் 6 அன்று அன்றைய தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் சட்டமன்றத்தில் மசோதாவைக் கொண்டுவந்தார். அதன்படி 1947-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்று புதிய பிரிவு சேர்ந்தது.

அந்தப் பிரிவு சொல்வது எளிது. ஒவ்வொரு நிறுவனத்திலும் எல்லாப் பணியாளருக்கும் தகுந்த இருக்கை இருக்க வேண்டும். வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம். வேலை நேரம் முழுக்க நின்றபடியே இருக்கும் நிலை கூடாது.

இதைப் படித்துக் காட்டியதும் அக்கா சொன்னார்: "ஸ்டூல் இருக்கே! அது மேல சேலைப் பெட்டி அடுக்கியிருக்கு."

அங்கேதான் சிக்கல். எத்தனை நிமிடம் உட்காரலாம், உட்கார்ந்தவரை எழுப்பினால் என்ன என்று அந்தப் பிரிவு விரித்துச் சொல்லவில்லை. ஸ்டூலை வாங்கிப் போட்டுவிட்டுச் சட்டத்தை நிறைவேற்றியாயிற்று என்று கணக்குக் காட்ட இடம் இருக்கிறது. ஆனாலும் உட்கார வாய்ப்பு வரும்போது பயன்படுத்திக்கொள்ளத்தான் இருக்கை என்று சட்டமே காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறது. பெட்டி சுமக்கும் ஸ்டூல் இருக்கை ஆகாது என்று வாதாட அந்த வரி போதும்.

அதே சட்டத்தில் பழைய பிரிவுகள் சில இருக்கின்றன. அக்காவுக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை. ஒரு நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. மிகைநேரம் சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54-ஐத் தாண்டக் கூடாது, அந்த மிகைநேரத்துக்கு இரட்டைச் சம்பளம். தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, நடுவில் 1 மணி நேரம் இடைவேளை விட வேண்டும். இருபது நிமிடச் சாப்பாடு எந்தக் கணக்கிலும் வராது. வாரத்தில் ஒரு முழு நாள் விடுப்பு உண்டு. ஒரு வருடம் பணி முடித்தவருக்குச் சம்பளத்துடன் 12 நாள் விடுமுறை, அதுபோக நோய்க்கு 12 நாள், தற்செயல் விடுப்பு 12 நாள். வருடம் 365 நாளும் கடை திறக்க 2019 முதல் அரசு அனுமதி கொடுத்துவருகிறதே, அதற்கும் நிபந்தனைகள் உண்டு. பணியாளருக்கு ஓய்வறை, கழிப்பறை வசதி செய்து தர வேண்டும். எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் பெண்களை இரவு 8 மணிக்கு மேல் நிறுத்தி வைக்கக் கூடாது.

யாரிடம் சொல்வது? தொழிலாளர் நலத்துறையின் உதவி ஆய்வாளர் அலுவலகம் ஒவ்வொரு மாவட்டத்திலும் உண்டு. வெள்ளைத்தாளில் மனு எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். நகல் இல்லாத மனு காற்றோடு போனது மாதிரிதான். போக முடியாதவர்கள் 1100 என்ற முதல்வர் உதவி எண்ணில் பதிவு செய்து, மனு எண்ணைக் குறித்து வைக்கலாம். ஒருவர் பெயரில் போடாமல் பத்துப் பேர் கையெழுத்தோடு போட்டால் யாரையும் தனியாகக் குறிவைக்க முடியாது. அதற்கு முன்பே சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, வருகைப் பதிவின் படம் என்று வேலையில் இருப்பதற்கான சான்றுகளை வீட்டில் சேர்த்து வைத்திருப்பது நல்லது.

"வேலையை விட்டுத் தூக்கிட்டா?" என்று அக்கா கேட்டார். யாராக இருந்தாலும் இதைத்தான் முதலில் கேட்பார்கள். ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்த ஒருவரைத் தக்க காரணமும் ஒரு மாத முன்னறிவிப்பும் இல்லாமல் நீக்கக் கூடாது என்கிறது 41-ஆம் பிரிவு. மீறினால் அதற்கென உள்ள அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். காலக்கெடு உண்டு என்பதால் நாள் கடத்தக் கூடாது. வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு, 15100-க்குக் கூப்பிட்டால் வழி சொல்வார்கள். இதையெல்லாம் சொன்ன பிறகும் அக்காவின் முகத்தில் பயம் தெளியவில்லை. சட்டம் துணைக்கு நிற்கும், அடுத்த மாத வாடகையைக் கட்டாது என்பது அவருக்குத் தெரியும். மனுவில் எத்தனை கையெழுத்து என்பதுதான் அந்தப் பயத்தைக் குறைக்கக்கூடிய ஒரே கணக்கு.

அடுத்தது தூக்கம். அக்கா வீடு வந்து சேரப் பத்தரை ஆகும். ஆடி மாதம் முழுக்க எங்கள் தெருமுனையில் கூம்பு ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு. போன வருடம் வரை விடிகாலை நாலரைக்கே மறுபடி தொடங்கிவிடும். ஒலி மாசு விதிகள் 2000-ஆம் ஆண்டிலிருந்து இருக்கின்றன. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்த்தலாம், அதுவும் வருடத்தில் 15 நாளுக்கு மேல் இல்லை. குடியிருப்புப் பகுதியில் இரவு 45 டெசிபல்தான் அளவு. தூக்கம் அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவில் அடங்கும் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் ராம்லீலா மைதான வழக்கில் சொல்லிவிட்டது.

ஆனால் நேரே போலீசுக்குப் போன் போடச் சொல்ல மாட்டேன். விழாக் கமிட்டித் தலைவர் நம் தெருக்காரர்தான், பேரக்குழந்தை அவர் வீட்டிலும் இருக்கும். போன வருடம் நானும் பக்கத்து வீட்டு ஆசிரியரும் போய்ப் பேசினோம். ஒலிபெருக்கியின் முகத்தைக் கோவில் பக்கம் திருப்பினார்கள். காலைப் பாட்டு ஆறு மணிக்குப் போயிற்று. பேசிப் பயனில்லை என்றால் 112-இல் சொல்லலாம். அப்போது தேதி, நேரம், போனில் எடுத்த பதிவு ஆகியவை கையில் இருந்தால் பேச்சுக்குக் கனம் கூடும்.

நடையைப் பற்றி நீட்ட ஒன்றும் இல்லை. வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு நாளைக்கு 22 நிமிடம் வரும். 2023 நவம்பரில் அரசு தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' பாதை 8 கிலோமீட்டர். அது காலை ஆறு மணிக்கு ஓய்வாக இருப்பவர்களுக்குச் சரி. அக்கா கண்டுபிடித்த வழி வேறு. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் இல்லையே, கடைக்கு இரண்டு ஸ்டாப் முன்னால் இறங்கி நடந்துவிடுகிறார். காசும் கூடவில்லை, காலை வெயிலும் கிடைக்கிறது. நாள் முழுக்க நிற்பதும் நடப்பதும் ஒன்று என்று நினைக்கிறவர்களுக்கு அவர் ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்: "நின்னா ரத்தம் கீழ எறங்கும், நடந்தா மேல ஏறும்."

பழக்கம் படிய 21 நாள் போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 1960-இல் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் தன் புத்தகத்தில் எழுதிய ஒரு கவனிப்பு, வாய்மாறி விதியாகிவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரை வைத்துப் பார்த்தபோது சராசரி 66 நாள் வந்தது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதகம் எதுவும் இல்லை என்றும் கண்டார்கள். எனக்குப் பிடித்தது அந்தக் கடைசிக் கண்டுபிடிப்புதான்.

இந்த 21 நாளை வைத்து வியாபாரமே நடக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் நானே மாட்டினேன். '21 நாளில் மகிழ்ச்சி' என்று ஒரு செயலி, முதல் வாரம் 1 ரூபாய். தினமும் காலையில் "இன்று நன்றி சொல்ல மூன்று விஷயங்களை எழுதுங்கள்" என்று மணியடிக்கும். நாலாம் நாளே மறந்துவிட்டேன். மூன்று மாதம் கழித்து வங்கிக் கணக்கைப் பார்த்தால் மாதம் 499 ரூபாய் தானாகப் போயிருக்கிறது. மகிழ்ச்சி போனது மட்டுமில்லாமல் எரிச்சலும் சேர்ந்துகொண்டது. அந்த 1 ரூபாய்க்கு யுபிஐ-யில் பின் நம்பர் போட்டபோது ஆட்டோபே அனுமதியையும் சேர்த்தே கொடுத்திருந்தேன்.

யுபிஐ செயலியில் ஆட்டோபே என்ற பகுதிக்குப் போனால் யாருக்கெல்லாம் அனுமதி கொடுத்திருக்கிறோம் என்று தெரியும், அங்கேயே ரத்து செய்யலாம். இப்படித் தவணையாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்தக் குறுஞ்செய்தியை விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடாமல் இருந்தால் சரி. சேருவதை எளிதாகவும் விலகுவதைக் கஷ்டமாகவும் வைக்கும் 'சந்தாப் பொறி'யை, ஏமாற்று வடிவமைப்பு வகைகளில் ஒன்றாக 2023 நவம்பரில் மத்திய அரசு அறிவித்துத் தடை செய்திருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம். பணம் திரும்பாவிட்டால் இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு. 5 லட்சம் வரையிலான தொகைக்குக் கட்டணமே இல்லை. மனச்சோர்வு குணமாகும், மாத்திரை வேண்டாம் என்று வாக்குறுதி தரும் பயிற்சி வகுப்பு எதுவானாலும், பணம் கட்டுமுன் எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் எழுத்தில் தர மாட்டார்கள்.

பழக்கத்தால் தீராத கட்டம் ஒன்று உண்டு. இரண்டு வாரத்துக்கு மேலாக நாளின் பெரும்பொழுது மனம் கனத்துக் கிடக்கிறது, முன்பு பிடித்த எதிலும் நாட்டமில்லை, தூக்கமும் பசியும் கெட்டுவிட்டன, நான் எதற்கும் லாயக்கில்லை என்ற நினைப்பு ஓயவில்லை என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அப்படிப்பட்டவரிடம் போய் நடக்கச் சொல்வதும் தண்ணீர் குடிக்கச் சொல்வதும் கால் ஒடிந்தவரை ஓடச் சொல்வது போல. "எல்லாம் மனசுல இருக்கு, நெனச்சா சரியாயிடும்" என்று உறவுக்காரர்கள் சொல்லும் ஆறுதல் சில சமயம் உயிருக்கே ஆபத்தாகிறது. தற்கொலை எண்ணம் வந்தால் காத்திருக்கவே கூடாது.

2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் இதை ஒருவருடைய பலவீனமாகப் பார்க்கவில்லை. அரசு நடத்தும் அல்லது நிதி தரும் மருத்துவமனைகளில் மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை. மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் உண்டு. சென்னைக் கீழ்ப்பாக்கம் மருத்துவமனை 1794-இலிருந்து இருக்கிறது. அந்தப் பெயரை வசவாகப் பயன்படுத்தும் நம் வழக்கத்தால் எத்தனை பேர் அந்தப் பக்கம் போகத் தயங்கியிருப்பார்களோ. நாம் சொன்னதை மருத்துவர் ரகசியமாக வைக்க வேண்டும். முதலாளியோ மாமியாரோ போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொண்டு, அவர்மீது வழக்குத் தொடராமல் சிகிச்சை தர வேண்டும் என்கிறது 115-ஆம் பிரிவு. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மருத்துவமனைக்குத் தாமதமாகக் கொண்டுபோகும் குடும்பங்கள் இதைத் தெரிந்துகொள்வது அவசரம்.

உடல்நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு தருகிறார்களோ, அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும் என்பது அதே சட்டத்தின் 21-ஆம் பிரிவு. மறுத்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார், பிறகு காப்பீட்டு ஓம்புட்ஸ்மேன். கட்டணம் கிடையாது. தனியார் காப்பீடு இல்லாத அக்கா போன்றவர்களுக்கு இஎஸ்ஐ அட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 10 பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் கடையில் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு உட்பட்டவர்களுக்கு அது உண்டு. சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்து அட்டை மட்டும் கைக்கு வராத கதைகளும் நிறைய.

உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் சேவை, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். தமிழ்நாட்டின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.

பட்டியலில் கடைசியாக இருந்தது பேச்சு. ஹார்வர்டில் 1938-இல் தொடங்கி இன்றும் நடக்கும் ஆய்வு ஒன்று, முதுமையில் உடலும் மனமும் நன்றாக இருப்பதற்கு நெருக்கமான உறவுகளை முக்கியமான காரணமாகக் காட்டுகிறது. பத்து மணி நேரம் பக்கத்தில் நிற்கிற பெண்ணோடு இரண்டு வார்த்தை பேச அக்காவுக்கு எந்தச் சட்டமும் உரிமை தரவில்லை. இதற்கு என்னிடமும் பரிகாரம் இல்லை. அவர்கள் கண்டுபிடித்தது சேலை மடிப்பு. ஆறு கெஜத்தை மடிக்க ஆளுக்கொரு முனை பிடித்தாக வேண்டும். நீட்டி, உதறி, முனைகள் ஒன்றுசேர இருவரும் நெருங்கி வருகிற அந்தச் சில நொடியில் பிள்ளையின் காய்ச்சல், சீட்டுப் பணம், மாமியார் எல்லாம் பேசி முடிந்துவிடும். கேமராவுக்கு அது வேலையாகத் தெரியும்.

மனு போனது. பதினொரு கையெழுத்து. அதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போனார் என்றும், கடைக்கு என்ன சொன்னார் என்று தெரியாது என்றும் அக்கா சொன்னார். அடுத்த வாரம் சேலைப் பெட்டிகள் அலமாரிக்கு மேல் ஏறின, ஸ்டூல் காலியாயிற்று. போன செவ்வாய் திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே சொன்னார்:

"மத்தியானம் ஆளே இல்லாத நேரம், போய் உக்காந்தேன் தம்பி. என்னமோ திருட்டுத்தனம் பண்ற மாதிரியே இருந்துச்சு. யாரும் ஒண்ணும் சொல்லல. ஆனா எப்ப எந்திரிக்கிறதுன்னுதான் தெரியல."